இம்பெல்லர்: ஒரே தண்டில் இரண்டு, இரண்டுக்கும் ஒரே பெயரா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில், நீரைப் பீச்சிப் படகை நகர்த்தும் ஜெட் பொருத்திய வகைக்கான பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் எழுதிவருகிறேன் என்பதையும், அதில் வரும், கூட்டுக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் என்ற சக்கரத்துக்குச் சொல் கேட்டுச் சென்ற வாரம் எழுதியிருந்தேன் என்பதையும் அறிவீர்கள். ‘தூண்டி’, ‘உந்தி’, ‘சுழலி’ என மூன்று விடைகள் வந்தன. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் இருக்க வேண்டும், இல்லையேல் கலைச்சொல் என்ற பேச்சுக்கே பொருளில்லை என்று மதுரை நண்பர் சற்றுக் கடிந்தும் எழுதியிருந்தார். அவர் சொல்லும் ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்த ஓரிடத்தில் அந்த ஒழுங்கு படகுக்காரரை நடுக்கடலில் நிறுத்திவிடும் என்பதைப் பட்டறிந்த பிறகே இதை எழுதுகிறேன்.

கையேட்டின் முதல் படியைப் பாம்பனில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் படித்துப் பார்க்கக் கொடுத்திருந்தேன். ‘இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடவும்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அவர் எஞ்சினின் அடிப்பகுதியைக் கழற்றி, உள்ளே இருந்த உலோகச் சக்கரத்தை உருவியெடுத்து, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்தார். “அண்ணே, இது நல்லாத்தானே இருக்கு, இதை எதுக்கு மாத்தச் சொல்றீங்க?” என்று கேட்டார். நான் குறிப்பிட்டது அதையன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்புக்குள் கிடக்கும் ரப்பர் சக்கரத்தை என்று விளக்கினேன். புதிது வாங்கும்வரை பழையதே ஓடட்டும் என்று அவர் கடலுக்குப் போனார். எஞ்சின் ஓரத்தில் நூல்போலச் சீறி வரவேண்டிய குளிர்நீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்து, சூட்டு எச்சரிக்கை அலறி, எஞ்சினை நிறுத்திவிட்டு, வேறொரு வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்துவரும்படி ஆயிற்று. முதல் வரியே தெளிவாக இருந்திருந்தால் ரப்பர் சக்கரம் அந்த வாரமே மாறியிருக்கும்.

இந்த எஞ்சினின் அமைப்பே குழப்பத்துக்கு இடம் தருகிறது. எஞ்சினிலிருந்து இறங்கும் ஒரே தண்டில் மேலே ரப்பர் சக்கரமும், அடிமுனையில் உலோகச் சக்கரமும் சுழல்கின்றன. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். ஆனால் வேலை முற்றிலும் வேறு. மேலே உள்ளது, மையம் விலகிய ஒரு கூட்டுக்குள் தன் ரப்பர் இதழ்கள் மடங்கி விரிய, இதழ்களுக்கு நடுவே அகப்பட்ட நீரைப் பிழிந்து எஞ்சினுக்கு அனுப்புகிறது. நீரே அதற்கு உராய்வைக் குறைக்கும் பொருள் என்பதால், கரையில் வைத்து நீரில்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் சில நொடிகளிலேயே இதழ்கள் கருகத் தொடங்கும். கீழே உள்ளதோ கடல்நீரை அள்ளி மேலேற்றிப் பின்புறத் துளை வழியே விசையுடன் வெளியேற்றுகிறது. படகை நகர்த்துவது அதுதான். முன்னதை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். பின்னதை அரத்தால் தீட்டித் தீட்டிப் பல ஆண்டுகள் ஓட்டலாம். இவ்வளவு வேறுபட்ட இரண்டை ஒரே பெயரால் அழைக்கும் ஆங்கிலத்தின் குறையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வந்த சொற்களைப் பற்றி என் கருத்து இது. ‘தூண்டி’ என்றால் இந்தக் கரையில் காதில் விழுவது தூண்டில்தான். ‘உந்தி’ என்பது நல்ல தமிழ்ச் சொல். ஆனால் தொப்புளுக்கு உரிய சொல்லை எஞ்சினுக்கு எடுத்தால் பட்டறையில் சிரிப்புத்தான் எழும். ‘சுழலி’ என்பதை மின்நிலையச் சுழல்பொறிக்கு ஏற்கெனவே ஆள்கிறார்கள். அங்கே நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது, இங்கே சக்கரம் நீரைத் தள்ளுகிறது. எதிரெதிரான இரண்டை ஒரு சொல்லில் அடைப்பது சரியன்று.

என் பரிந்துரை ‘உள்விசிறி’. படகின் அடியில் வெளியே சுழல்வதை விசிறி என்று சொல்லும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே வேலையைக் கூட்டுக்குள் இருந்து செய்வது உள்விசிறி. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ரப்பர் சக்கரத்துக்கு ‘இதழ்ச்சக்கரம்’ என்று வைத்தால், பார்த்த மாத்திரத்தில் கை அதைத்தான் தேடும். காற்றை வீசுவதுதானே விசிறி என்று ஓர் அன்பர் கேட்கக்கூடும். நீரை வீசுவதையும் விசிறி என்று ஆக்கியவர் நானல்லர், படகோட்டிகள்.

ஜெட் என்பதற்குப் ‘பீச்சு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் மிகப் பொருத்தம். பீச்சாங்குழல் அறியாத பிள்ளை இல்லை. ஆனால் ‘பீச்சுப் படகு’ என்று எழுதிப் பாருங்கள், கடற்கரையில் நிற்கும் படகு என்றே நம்மவர் படிப்பார்கள். ‘தாரை’ நன்று. ‘தாரைப் படகு’ என்பதைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே ஜெட் என்றே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இந்த வகைப் படகு நம் கடலுக்காகப் பிறந்ததன்று. 1950களில் நியூசிலாந்தின் ஆழமற்ற கல்லாறுகளில் ஓட்டுவதற்காக ஹாமில்டன் என்பவர் வளர்த்தெடுத்த முறை இது. வெளியே விசிறி இல்லாததால் ஆழமற்ற நீரிலும் அடிதட்டாமல் ஓடும். அதற்கு விலையாக எஞ்சினின் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். அங்கே எதிரி கூழாங்கல்; இங்கே மணலும், தாழை என்று இந்தக் கரையில் சொல்லும் கடற்புல்லும். வடகடல் எனப்படும் பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைமேல் ஓடும்போது அறுந்து மிதக்கும் தாழை, நீர் நுழையும் வாயில் உள்ள கம்பிகளில் சுற்றிக்கொள்கிறது. “எஞ்சின் அலறுது, படகு நகரமாட்டேங்குது” என்று ஒருவர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அந்தக் கம்பிகளுக்குச் ‘சல்லடை’ என்று சிலர் எழுதினீர்கள். சல்லடைக்குக் கண்கள் உண்டு. இங்கே இருப்பவை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நீண்டு கிடக்கும் கம்பிகள். பழைய வீடுகளின் கிராதியைப் போன்றவை என்பதால் ‘வாய்க்கிராதி’ என்று வைத்திருக்கிறேன்.

உள்விசிறியைச் சுற்றி நிற்கும் கூட்டின் உட்புறத்தில் ஓர் உறை உண்டு. மணல் அரிப்பது அதைத்தான். விசிறியின் விளிம்புக்கும் அதற்கும் நடுவே ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். அது கூடக்கூட நீர் பின்னுக்கு வழிந்து வேகம் குறையும். கூட்டுக்குப் பதிலாகத் தான் தேய்ந்து கொடுப்பதற்கென்றே வைத்த அந்த உறைக்குத் ‘தேய்வளையம்’ என்கிறேன். வினைத்தொகையாக இருப்பதால் தேய்ந்த, தேய்கின்ற, தேயும் என மூன்று காலத்துக்கும் அது நிற்கும். அந்த உறுப்பின் வாழ்க்கையும் அதுவேதான். இடைவெளியைக் குறைப்பதற்கு விசிறியின் மேலும் கீழும் உள்ள மெல்லிய தகடுகளை இடம்மாற்றி, விசிறியைச் சரிவான கூட்டுக்குள் சற்று இறக்குகிறோம். மெக்கானிக்குகள் அவற்றை ஷிம் என்கிறார்கள். ‘இடைவில்லை’ எனலாம். ‘ஆப்பு’ வேண்டாம், ஆப்பு ஒரு பக்கம் சரிந்தது, இது தட்டையானது.

தீட்டும் வேலையைப் பற்றிய வரியிலும் சொல் துல்லியமாக இருக்க வேண்டும். உள்விசிறியின் மழுங்கிய முன்விளிம்பை அடிப்பக்கத்திலிருந்து மட்டுமே அராவ வேண்டும். மேல்பக்கத்தின் சாய்வில் அரம் பட்டால் நீரை ஏற்றும் கோணமே மாறிவிடும். ‘தீட்டுக’ என்று மட்டும் எழுதினால் அரிவாளைப்போல இருபுறமும் தீட்டிவிடுவார்கள் என்பதால் ‘அடிப்புறம் அராவுக’ என்று மாற்றியிருக்கிறேன்.

கிரீசுக்கும் பேரிங்குக்கும் சொல் தேட வேண்டாம் என்பது என் கருத்து. ‘மசகு’ என்பது மாட்டுவண்டி அச்சோடு இருந்த அழகான சொல்தான். ஆனால் கடைக்காரரிடம் மசகு கேட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பேரிங்குக்குக் கிரீஸ் ஏற்றுக, பழைய கிரீஸ் பால்போல வெளுத்து வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.

அதுபோல, உப்புநீரில் ஓடிவந்த எஞ்சினுக்குள் நன்னீரை ஓடவிடுவதற்குக் ‘கழுவுதல்’ என்று நான் எழுதியிருந்ததை ‘அலசுதல்’ என்று திருத்திய அம்மையாருக்கு நன்றி. கழுவுவது வெளியே, அலசுவது உள்ளே. குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் வீடுகள் உள்ள கரையில், வெளிப்புறம் மட்டும் கழுவிவிட்டு நிறுத்திக்கொள்பவர்களிடம் இந்த வேறுபாட்டை ஒரு சொல்லாலேயே சொல்லிவிட முடிகிறது.

மீதம் இருப்பது ஒன்று. தாரை வெளிவரும் துளைமேல் கவிழ்ந்து, நீரை முன்புறமாகத் திருப்பிப் படகைப் பின்னே நகர்த்தும் கதவுக்கு ‘மறிகதவு’ என்று எழுதியிருக்கிறேன். திண்ணைக்குச் சாக்குமூட்டையோடு வந்த அதே தம்பி, அது அடைக்கும் கதவு என்றல்லவா கேட்கிறது, ‘திருப்புகதவு’ என்று வைத்தால் என்ன என்கிறார். எது நல்லது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது.