கழுவினால் நீலம் போய்விடுகிறது: அப்பா–பிள்ளை புகைப்படப் பட்டறைக்கு உதவி தேவை

மதுரையில் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் அப்பாக்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் புகைப்படப் பட்டறை நடத்துகிறோம். கேமரா கிடையாது; சயனோடைப் முறையில், அதாவது ரசாயனம் பூசிய தாளில் வெயில் பட்ட இடம் நீலமாகும் முறையில், வேப்பிலையை வெயிலில் பதிக்கிறோம். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலை முந்தின இரவே பெரியவர்கள் தாளில் பூசிவிடுகிறோம்.

வெயிலில் நிறம் நன்றாகவே மாறுகிறது. தண்ணீரில் போட்டதும் நீலம் கரைந்து ஓடுகிறது. மிஞ்சுவதும் காய்ந்தபின் வெளிறுகிறது. பிள்ளைகளின் முகம் வாடுகிறது, அப்பாக்களின் முகம் அதைவிட மோசம்.

வெயில் நேரத்தைப் பத்து நிமிடத்திலிருந்து இருபதாக்கினோம், புது ரசாயனம் வாங்கினோம், தாளையும் மாற்றினோம். பயனில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், குடத்தில் வெள்ளையாக உப்புப் படியும் ரகம். இப்படிப்பட்ட தண்ணீரில் இருக்கக்கூடிய காரத்தன்மை இந்த நீலத்துக்கு ஆகாது, அதனால் என் சந்தேகம் தண்ணீர் மேல்தான். அடுத்த அமர்வு ஞாயிற்றுக்கிழமை.

பிள்ளைகள் கை நனைக்கும் தண்ணீர் இது: ஒரு வாளிக்கு எவ்வளவு வினிகர் கலந்தால் நீலம் நிற்கும்?