மழையில் மீட்ட குட்டியை வீட்டுப் பூனையோடு முதல் நாளே சேர்க்கலாமா?

மூன்றாம் மாடி:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கருத்தடை செய்த, நான்கு வயதுக் கடுவன் பூனை ஒன்று எங்களிடம் வளர்கிறது. குட்டியாக வந்த நாளிலிருந்து அது வேறு பூனையோடு பழகியதே இல்லை. நேற்று இரவு மழையில், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியை எடுத்து வந்தோம். சமையலறைத் தராசில் 700 கிராம் இருந்தது. ஒரு கண்ணில் பீளை கட்டியிருக்கிறது, அவ்வப்போது தும்முகிறது, ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது. கூடத்தில் விட்டுவிட்டால் இரண்டும் தாமாகவே பழகிக்கொள்ளும் என்கிறார் என் மாமியார். இரண்டு வாரமாவது பிரித்து வைக்க வேண்டும் என்கிறார் என் கணவர். இப்போதைக்குக் குட்டி குளியலறையில் இருக்கிறது. எது சரி என்பதைக் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கிணற்றடி:
உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. தஞ்சாவூர்ப் பக்கம் முற்றம் வைத்த ஓட்டு வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பூனைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். புதிதாக வந்த குட்டியைப் பெரிய பூனை மோந்து பார்க்கும், சீறும், அத்துமீறினால் காலால் ஒரு தட்டுத் தட்டும். குட்டியும் தன் இடம் எதுவென்று தெரிந்துகொள்ளும். பூனைகளுக்குள் நடக்கும் இந்தப் பாடத்தை மனிதர்களாகிய நாம் கற்றுக்கொடுக்க முடியாது.

700 கிராம் என்றால் குட்டிக்கு ஆறேழு வாரம் இருக்கலாம். தாயையும் உடன்பிறந்தவற்றையும் இழந்து நிற்கிற, பழகும் குணம் படிகிற அந்த வயதில் அதை ஈரமான குளியலறையில் தனியாக அடைத்து வைப்பது எனக்குக் கொடுமையாகத் தெரிகிறது. கடிக்கும் விளையாட்டில் எவ்வளவு அழுத்தலாம் என்பதைக்கூட இன்னொரு பூனையிடம்தான் குட்டி கற்கிறது. கதவுக்குப் பின்னால் இரவெல்லாம் அது கத்த, வெளியே உள்ள பூனை என்னவென்று தெரியாமல் பதறுவதால் யாருக்கு என்ன நன்மை?

நடுப்பகல்:
கிணற்றடி ஐயா சொல்லும் அனுபவத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த அனுபவம் எந்த வீட்டில் கிடைத்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முற்றம் வைத்த வீட்டில் பிடிக்காத பூனைக்கு மதில் உண்டு, கூரை உண்டு, அடுத்த வீட்டுக் கொல்லை உண்டு. அது விலகிப் போய், தனக்குச் சரிப்பட்டபோது திரும்பி வந்தது. மூன்றாம் மாடியில் பால்கனிக்கு வலை அடித்த வீட்டில் விலகிப் போக வழியே கிடையாது.

அதைவிடப் பெரிய காரணம் நோய். பேன்லுகோபீனியா என்ற கொடிய வாந்தி, வயிற்றுப்போக்கு நோயைத் தரும் பூனைகளின் பார்வோ வைரஸ், உடலுக்குள் போன பிறகும் சில நாட்கள், சில வேளைகளில் இரண்டு வாரம் வரையிலும்கூட, அறிகுறி காட்டாமல் இருக்கும். இன்று பசியோடு சாப்பிடும் குட்டி அதைச் சுமக்கவில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் கிருமி வீட்டுத் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரை உயிரோடு இருக்கக்கூடியது. பூனைகளுக்கு இரத்தப் புற்றுநோயைக்கூட உண்டாக்கக்கூடிய லுகேமியா வைரஸ் எச்சில் வழியாக, ஒரே தட்டில் தின்பதாலும் ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பதாலும் பரவும். படர்தாமரை இருந்தால் பூனைக்கு மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். இந்தக் குட்டியோ ஏற்கெனவே தும்முகிறது. ஆகவே முதலில் கால்நடை மருத்துவர். வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிணற்றடி:
நோயைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், மருத்துவரிடம் போக வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பெரிய பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடுகிறதே? எல்லா வீட்டுக்கும் தனியறை, இரண்டு வாரம், கதவு, வலை என்று ஒரே சட்டத்தை வைத்தால், ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டுக்காரர் அடுத்த முறை மழையில் குட்டியின் குரல் கேட்டாலும் குனிந்து பார்க்காமல் போய்விடுவார். தெருவில் கிடந்து சாவதைவிட ஒரு சீறலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் உயிரோடு இருப்பது மேல் என்பதுதான் என் கவலை.

மூன்றாம் மாடி:
இருவருக்கும் நன்றி. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பூனைக்குச் சிறுவயதில் எல்லாம் முறையாகப் போட்டிருக்கிறோம். கடைசியாகப் போட்டு மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. கதவுக்கு அடியில் மூக்கை வைத்தபடி அது உட்கார்ந்திருக்கிறது. சாப்பாடும் பாதியாகக் குறைந்துவிட்டது.

நடுப்பகல்:
அப்படியானால் உங்கள் பூனையையும் மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசியைப் புதுப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். தடுப்பூசி போட்டிருந்தால் போதும் என்ற வாதத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. பேன்லுகோபீனியாவை அந்த ஊசி வலுவாகத் தடுக்கும். ஆனால் தும்மலுக்கும் கண் பீளைக்கும் வழக்கமான காரணமான ஹெர்பிஸ், கலிசி வைரஸ்களைப் பொறுத்தவரை அது நோயின் கடுமையைக் குறைக்குமே தவிர, தொற்றவே விடாது என்று சொல்ல முடியாது. லுகேமியா வைரஸுக்கு ஊசியே வேறு.

தனியறை இல்லை என்பதற்காகக் குட்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. உங்கள் குளியலறையே போதும், சில மாற்றங்களோடு. வாளிகளில் நிரப்பி வைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இந்த அளவுக் குட்டி வாளிக்குள் விழுந்தால் ஏறி வர முடியாது. தரையை உலர்த்தி, அட்டைப் பெட்டிக்குள் பழைய துண்டை விரித்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றை ஓரமாக வையுங்கள். ஃபினாயில் வேண்டவே வேண்டாம்: பூனையின் கல்லீரலால் அதைச் சரிவர முறிக்க முடியாது, பாதத்தை நக்கும்போது நஞ்சு உள்ளே போய்விடும். வீட்டுப் பிளீச்சை ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு குட்டியை உள்ளே விடுங்கள். குட்டியைத் தொட்டவர் கை கழுவி, மேல்சட்டையை மாற்றிக்கொண்டு பெரிய பூனையிடம் போக வேண்டும்.

தனிமையைப் பற்றி ஐயா சொன்னது நியாயம். அதற்கு மருந்து மனிதர்களின் மடிதான். வீட்டில் உள்ளவர்கள் முறை வைத்து உள்ளே போய் உட்காருங்கள்.

முல்லைக்கொடி:
நோயைப் பற்றிய விவாதத்தில் பெரிய பூனையின் மனநிலை பின்னுக்குப் போய்விட்டதாகத் தோன்றுவதால் எழுதுகிறேன். பூனைக்கு உறவும் பகையும் மோப்பத்தில்தான் தொடங்குகின்றன. உடல் ஆரோக்கியம் தெளிவான பிறகு, மெல்லிய துணியால் குட்டியின் கன்னத்தைத் தடவி, அதைப் பெரிய பூனையின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். மோந்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினால் அடுத்த நாள் துணியைக் கொஞ்சம் நெருக்கலாம். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. அதன் பிறகுதான் பார்வை. சென்னை வீடுகளில் இருக்கும் கொசுவலைக் கதவு இதற்கென்றே செய்தது போல உதவும்.

சீறல் கெட்ட அறிகுறி அல்ல; "அங்கேயே நில்" என்று சொல்கிற அறிவிப்பு அது, அதற்காகப் பூனையை அதட்டாதீர்கள். நான் அஞ்சுவது ஓசையில்லாத முறைப்புக்குத்தான்: உடல் விறைத்து, காது பக்கவாட்டில் தட்டையாகி, வால் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் அட்டையை நடுவில் நீட்டி மறைத்துவிடுங்கள், கையை நுழைக்காதீர்கள்.

மூன்றாம் மாடி சகோதரிக்கு ஒரு வார்த்தை. பூனை பாதிதான் சாப்பிடுகிறது என்கிறீர்கள். கடுவன்களுக்கு மன அழுத்தத்தில் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்வது உண்டு. மண்தொட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் ஓடுங்கள். மண்தொட்டி மூன்று இருக்கட்டும், சாப்பாட்டுத் தட்டுகள் ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் இருக்கட்டும், அலமாரியின் மேல்தட்டு பெரியவனுக்கு மட்டும் ஏறத் தக்கதாக இருக்கட்டும்.

கிணற்றடி:
முல்லைக்கொடி சொன்ன மேல்தட்டு எனக்குச் சரியாகப் படுகிறது. எங்கள் வீட்டில் மதில் செய்த வேலையை அது செய்யும். ஆனாலும் இரண்டு வாரம் என்ற கணக்கை நாட்காட்டியைப் பார்த்து நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மருத்துவர் குட்டியைப் பார்த்து, கண்ணும் மூக்கும் தெளிந்து, புழுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து கொடுத்து, இரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்த பிறகு, பெரிய பூனை வலைக் கதவருகே படுத்து உறங்கத் தொடங்கிவிட்டால் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். அதற்கு மேல் பிரித்து வைப்பது நம்முடைய அச்சத்துக்காக, பூனைகளுக்காக அல்ல.

நடுப்பகல்:
பழக்கும் கட்டத்துக்கு நாட்கணக்கு வேண்டாம் என்பதில் ஐயாவோடு ஒத்துப்போகிறேன். சில பூனைகளுக்குச் சில நாள் போதும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். நோய்க்கான இரண்டு வாரத்தை மட்டும் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன். அது பூனையின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, கிருமி வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலத்தைப் பொறுத்தது. புதிதாகத் தொற்றிய லுகேமியா முதல் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம், எனவே மறுபரிசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குட்டிக்கும் முதல் ஊசி போடும் வயது வந்துவிட்டது. மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை அது தொடர வேண்டும். கதவைத் திறக்கிற முதல் சில நாட்களில் இரண்டையும் தனியே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள், இரவில் குட்டி தன் அறையிலேயே தூங்கட்டும்.