புதுப்பிப்பு: 2024 இண்டி பாட்டுத் தொகுப்பு, வரிசை மாறியிருக்கிறது

2024இல் எனக்குப் பிடித்த தமிழ் இண்டி பாட்டுகளை, அதாவது சினிமாவுக்காக இல்லாமல் தனியாக வெளிவந்த பாட்டுகளைத் தொகுத்துப் போட்டிருந்தேன் இல்லையா, அதன் வரிசையை மாற்றியிருக்கிறேன். ‘எஞ்சாயி எஞ்சாமி’ எங்கே என்று கேட்டவர்களுக்கு: அது 2021 மார்ச்சில் வந்தது, எவ்வளவு பிடித்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

வேலூரில் பாகாயத்திலிருந்து காட்பாடி போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். கிரீன் சர்க்கிள் நெரிசலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, மெதுவான பாட்டு எதுவும் காதில் ஏறவே இல்லை, பாலாற்றுப் பாலம் வந்த பிறகுதான் குரலே தெளிந்தது. அதனால் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ மாதிரி தாளம் தூக்கலானவை எல்லாம் முன்னாடி, மெல்லியவை பின்னாடி.

‘ஆச கூட’ ரீல்ஸில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, எடுத்துவிடு என்றார் ஒரு அண்ணன். மாட்டேன். ரீல்ஸில் வருவது ஒரு துண்டுதான், முழுப் பாட்டையும் ஹெட்போனில் கேளுங்கள் அண்ணா, அப்புறம் பேசலாம்.

ஒரு பாட்டு அலறுகிறது, அடுத்தது முனகுகிறது என்றால் ஸ்பாட்டிஃபை செட்டிங்ஸில் சத்தத்தைச் சமன்செய்யும் வசதியை ஆன் செய்யுங்கள். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததை மெல்லக் கலந்து தொடங்கும் கிராஸ்ஃபேடை 12 நொடி வரை வைக்கலாம், ஆனால் அவ்வளவு வைத்தால் கடைசி வரியை அடுத்த பாட்டு விழுங்கிவிடும்.