சீரமில்லா ஊடகத்தில் ஒரு லாட் மாறியபோது

கன்றுக் கருவின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதியில்) பழகியிருந்த ஒரு பழைய சி.எச்.ஓ. (சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து பெறப்பட்ட) செல் வரிசையைச் சீரமில்லா ஊடகத்துக்கு, அதாவது சீரம் கலக்காத ஊட்டநீருக்கு, மாற்றும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. 10, 5, 2.5, 1 விழுக்காடு என்று சீரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். கடைசிப் படியில் செல்கள் அடம்பிடித்துக் கட்டி கட்டியாகத் திரண்டாலும், சில வாரங்களில் தேறிவிட்டன.

உண்மையான சோதனை பிறகுதான் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பயோரியாக்டரில் (செல்களை வளர்க்கும் கலனில்) ஆறாம் நாள் செல்கள் மடியத் தொடங்கின. குளுக்கோஸ், லாக்டேட், அம்மோனியா எதிலும் பிசகில்லை. அதே ஊடகம் ஷேக்கர் குடுவையில் ஒழுங்காக இருந்தது எங்களைக் குழப்பியது. துப்பும் அதிலேயே இருந்தது. குடுவையில் அடியிலிருந்து காற்றைச் செலுத்துவதில்லை. பயோரியாக்டரிலோ குமிழிகள் மேலெழுந்து வெடிக்கும்போது அவற்றில் ஒட்டியிருக்கும் செல்கள் கிழிந்துபோகின்றன. முன்பு சீரத்தின் புரதங்களே இதற்குக் கவசமாக இருந்தன. அதை நீக்கிய பின், லிட்டருக்கு ஒரு கிராம் போடும் பொலாக்சமர் 188 என்ற பாலிமரைத்தான் நம்பியிருந்தோம். அதன் லாட் (ஒரே தயாரிப்பில் வந்த சரக்கு) மாறியிருந்தது. பகுப்பாய்வுச் சான்றிதழில் குறை எதுவும் இல்லை. உட்புறத் தடுப்புகள் கொண்ட குடுவைகளில் பழைய லாட்டையும் புதியதையும் அருகருகே வேகமாகக் குலுக்கிப் பார்த்தோம். மறுநாள், இறந்த செல்களை நீலமாக்கும் டிரைபான் புளூ சாயமிட்டு எண்ணியபோது, புதிய லாட்டில் பாதிக்கு மேல் செல்கள் நீலமாகக் கிடந்தன. இப்போது இந்தக் குலுக்கலில் தேறாத எந்த லாட்டையும் கிடங்குக்குள் விடுவதில்லை.

*

மேலே எழுதிய முன்னவருக்காவது செல்கள் இறந்து எச்சரித்தன. வேறொரு குழுவான எங்களுக்கு அதுவும் இல்லை. வளர்ச்சியும் விளைச்சலும் வழக்கம்போலவே இருக்க, செல்கள் உருவாக்கித் தரும் எதிர்ப்பொருளின் சர்க்கரைச் சங்கிலிகளில் கேலக்டோஸ் மட்டும் தொகுதிக்குத் தொகுதி ஏறிக்கொண்டிருந்தது. செல்லுக்கு இரும்பைக் கொண்டுசேர்க்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினுக்குப் பதிலாக நாங்கள் சேர்த்துவந்த இரும்பு உப்பில் மாங்கனீசு மாசாகக் கலந்திருந்ததை மூன்று மாதம் கழித்தே கண்டுபிடித்தோம். கேலக்டோஸை ஒட்டவைக்கும் நொதி மாங்கனீசு கொண்டு இயங்குவது என்பதைப் பாடத்தில் படித்தவர்கள்தாம் நாங்கள் எல்லோரும். ஊடகத்தின் செய்முறைத் தாளில் இல்லாத ஒன்றைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று ஒவ்வொரு இரும்பு உப்பு லாட்டையும் உலோகங்களை நுண்ணளவிலும் காட்டும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவியில் நாங்களே அளக்கிறோம், ஏனெனில் மாங்கனீசு அளவைச் சான்றிதழில் குறிப்பிட அந்த வழங்குநர் இன்னும் இசையவில்லை.