பிஎச்பி ஸ்கிரிப்ட் ஓடேக்க கறுப்பு யன்னல் திறக்காமல் செய்யிறது எப்படி?

பரந்தன் மில் கணக்கு
வணக்கம். அரிசி ஆலை ஒபிஸ் கொம்பியூட்டர், விண்டோஸ் 10. நெல் நிறுவைப் பதிவைப் பக்கத்து மெஷினுக்குப் பிரதி எடுக்கிற, பிஎச்பி எண்ட கணினி மொழியில எழுதின ஸ்கிரிப்ட் ஒண்டு டாஸ்க் ஷெடியூலரில (குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டுற விண்டோஸ் கருவி) 15 நிமிசத்துக்கு ஒருக்கா ஓடுது. ஒவ்வொருக்காலும் கறுப்பு யன்னல் முன்னுக்கு வருது. சிட்டை அடிக்கிறவையின்ர எழுத்தெல்லாம் அதுக்குள்ள விழுது. பெருக்கல் குறியை அமத்தி மூடிவிட்டால் பிரதி பாதியில நிக்குது. இதை மறைக்க அப்பாச்சி எண்ட வெப் சேர்வர் போடவேணுமோ?

மாங்குளத்தான்
அப்பாச்சி வேண்டாம் அண்ணை. பிஎச்பியின்ர ஜிப் பைலை விரிச்ச போல்டருக்குள்ளேயே 'பிஎச்பி-வின்.எக்ஸ்இ' எண்டு ஒண்டு கிடக்கு. சாதாரண 'பிஎச்பி.எக்ஸ்இ' செய்யிற வேலைதான், யன்னல் மட்டும் திறக்காது. டாஸ்க்கின்ர 'அக்ஷன்ஸ்' பகுதியில புரோகிராம் இடத்தில அதின்ர முழுப் பாதை, ஆர்கியுமென்ட் இடத்தில ஸ்கிரிப்ட்டின்ர முழுப் பாதை. பாதையில இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள்ள போடுங்கோ.

'ஸ்டார்ட் இன்' பெட்டியில ஸ்கிரிப்ட் இருக்கிற போல்டரைக் குடுங்கோ, அங்க மட்டும் மேற்கோள் போடாதேங்கோ. வெறுமையா விட்டால் சிஸ்டம்32 போல்டரில இருந்து ஓடும். பெயரை மட்டும் சொல்லி வாசிக்கிற, எழுதுற பைல்களை ஸ்கிரிப்ட்டின்ர போல்டரில தேடாது. பிரவுசரில ஓடின ஸ்கிரிப்ட்டெண்டால் 'டொக்கியுமென்ட் ரூட்' (வெப் சேர்வரின்ர மூலப் போல்டர்) பெறுமதியும் இங்க வெறுமைதான்.

வவுனியா கீபோர்ட்
யன்னல் போனால் பிழைச் செய்தியும் சேர்ந்து போகும். கிழமைக்கணக்கா பிரதி எடுபடாட்டியும் ஒருத்தருக்கும் தெரியாது. முதல் பிஎச்பி.ஐஎன்ஐ எண்ட பிஎச்பி அமைப்புப் பைலில 'லொக் எரர்ஸ்' ஒன் ஆக்கி, 'எரர் லொக்' வரியில ஒரு பைலின்ர முழுப் பாதையைக் குடுங்கோ. அதுக்குப் பிறகு மறையுங்கோ. எந்த ஐஎன்ஐ வாசிக்கப்படுதெண்டு தெரியாட்டி, கொமாண்ட் புரொம்ப்டில பிஎச்பிக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு இரண்டு சிறு கோடும் (ஹைஃபன்) ஒட்டினபடி 'ஐஎன்ஐ'யும் அடிச்சால் பாதையைக் காட்டும்.

நேர வலயத்தையும் அதே பைலில ஆசியா/கொழும்பு ஆக்குங்கோ. இல்லாட்டி யூடிசியில (உலகப் பொது நேரம்) ஓடும், எங்கட நேரத்துக்கு 5.30 மணித்தியாலம் பின்னுக்கு. விடிய 5 மணிக்கு நிறுத்த நெல் முதல் நாள் இரவு 11.30 எண்டு பதியும். அறுவடைக் காலத்தில கணக்கு நேராகாது.

பரந்தன் மில் கணக்கு
யன்னல் இப்ப வாறேல்லை, நன்றி. 'யூசர் லொக் ஒன் செய்தாலும் (உள்நுழைஞ்சாலும்) செய்யாட்டியும் ஓடு' எண்ட தெரிவையும் போட்டனான். அதுக்குப் பிறகு பக்கத்து மெஷினின்ர போல்டரை இணைச்ச இசட் டிரைவைக் காணேல்லையெண்டு எரர் லொக்கில விழுது.

மாங்குளத்தான்
அந்தத் தெரிவில டாஸ்க் வேற செஷனில, அதாவது நீங்கள் உள்நுழைஞ்சிருக்கிற இடத்துக்கு வெளியில, ஓடும். நீங்கள் இணைச்ச இசட் எழுத்து அங்க இல்லை. இரண்டு பின்சாய்கோடு, மற்ற மெஷின்ர பெயர், பகிர்ந்த போல்டர் எண்டு பாதையை எழுதுங்கோ. விண்டோஸ் யூசர் கணக்குக்குப் பாஸ்வேர்டும் இருக்கவேணும், வெறுமையெண்டால் டாஸ்க் தொடங்காது.

லப்டொப் எண்டால் 'கண்டிஷன்ஸ்' பகுதியில ஏசி பவர் (சுவர் கரண்ட்) எண்டதில இருக்கிற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கோ. அது தானாகவே போட்டுத்தான் இருக்கும். கரண்ட் நிண்டவுடன ஓட்டமும் நிக்கும். 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' நிரலில 0எக்ஸ்எஃப்எஃப் தெரிஞ்சால் பிஎச்பி 255 எண்ட பிழையோட வெளியேறியிருக்கு, உடன லொக்கைத் திறவுங்கோ.