12 பேர் அலுவலகக் குழு, ஓர் இரவு முகாம்: உச்சியிலா, ஓடைக்கு மேலுள்ள சமதளத்திலா?

புதுவழி:
அலுவலகத்திலிருந்து 12 பேர் போகிறோம். சனிக்கிழமை காலை 9 மணிக்கு 1300 மீட்டர் உயரத்தில் நடையைத் தொடங்கி, ஞாயிறு பிற்பகலுக்குள் அங்கேயே திரும்ப வேண்டும். உச்சி 2100 மீட்டர், ஒருவழித் தூரம் 8 கி.மீ. 5.5 கி.மீ. நடந்ததும் 1750 மீட்டரில் ஓடையை ஒட்டி ஒரு சமதளம் வருகிறது. இரண்டு இடத்திலும் தங்க அனுமதி உண்டு. சுமையோடு மலை ஏறிப் பழகியவர்கள் நான்கு பேர்தான். உச்சியிலிருந்து சூரிய உதயம் பார்க்க எல்லோருக்கும் ஆசை. கூடாரத்தை எங்கே போடுவது என்பதில்தான் ஒத்துவரவில்லை.

முகட்டுவழி:
உச்சியில் போடுங்கள். சமதளத்தில் தங்கினால், உதயம் பார்க்க அதிகாலை 4 மணிக்கே கிளம்பியாக வேண்டும். மிச்சமிருக்கும் 2.5 கி.மீ.யில் 350 மீட்டர் ஏற்றம். முழுப் பாதையிலும் செங்குத்தான பகுதி அதுதான். பழக்கமில்லாத எட்டுப் பேரைத் தூக்கக் கலக்கத்தில் அங்கே ஏற்றுவதா? ஹெட்லாம்ப் வெளிச்சம் கண்ணுக்கு மேலிருந்தே போவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மேடும் பள்ளமும் ஒரே தட்டையாகத் தெரியும். கணுக்கால் பிசகுவது அப்படித்தான். பகலிலேயே ஏறிவிட்டால், காலையில் கூடார ஜிப்பைத் திறந்தால் போதும், உதயம் எதிரே இருக்கும்.

ஓடைப்பக்கம்:
முதலில் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். உச்சியில் பெரும்பாலும் ஊற்று இருக்காது. சனி மாலையிலிருந்து மறுநாள் ஓடைக்கு இறங்கும்வரை ஓர் ஆளுக்குக் குடிக்க 2 லிட்டர், சமையலுக்கும் கழுவுவதற்கும் 2 லிட்டர். 12 பேருக்கு 48 லிட்டர், அதாவது 48 கிலோ. கூடாரம், படுக்கை, உடை, உணவு என்று ஏற்கெனவே ஆளுக்கு 10 கிலோ முதுகில் இருக்கும். பழக்கமில்லாதவர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு அது 12 கிலோ. நீங்கள் 14 கிலோ ஏற்றச் சொல்கிறீர்கள், அதுவும் செங்குத்தான இடத்தில்.

அடுத்தது நேரம். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் வரும். அது நடந்து பழகியவர்களுக்கு, ஓய்வு சேர்க்காமல். சுமையோடு போகும் புதியவர்களுக்கு இரட்டிப்பாக்குங்கள், 6 மணி நேரம். சாப்பாட்டுக்கு நிற்காவிட்டாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் உச்சியைத் தொடுவீர்கள். வெயிலில் சூடான காற்று சரிவில் ஏறி இடிமேகம் திரள்வது அந்த நேரத்தில்தான்.

முகட்டுவழி:
48 லிட்டர் மிகை. மதியம் ஓடைப் பக்கத்திலேயே சூடாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். இரவுக்கும் காலைக்கும் சமைக்கத் தேவையில்லாத உணவை எடுத்துப் போங்கள். ஆளுக்கு 2.5 லிட்டர் போதும், அதையும் ஓடையில் சுத்திகரித்து நிரப்பினால் கடைசி 2.5 கி.மீ. மட்டும்தான் சுமை.

சமதளத்துக்கு இருக்கும் குறையையும் பேசுங்கள். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில், குளிர்காற்று சரிவில் வழிந்து ஓடைப் பள்ளத்தில் தேங்கும். 1000 மீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில் உச்சிதான் 2 டிகிரி அதிகம் குளிர வேண்டும். அப்படிப்பட்ட இரவில் அது தலைகீழாகிவிடும். ஓடையின் ஈரமும் மூச்சின் ஈரமும் சேர்ந்து கூடாரத்தின் வெளித்துணியின் உட்புறம் துளிதுளியாகப் படியும். தூக்கத்தில் புரளும்போது கால்மாடு அதில் உரசி ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிடும்.

முளைக்கயிறு:
ஈரம் பற்றிச் சொன்னது சரி. அதற்கு உச்சிவரை ஓட வேண்டியதில்லை. ஓடையிலிருந்து 60 மீட்டராவது, அதாவது 80 எட்டுக்கு மேல், தள்ளி, 10 மீட்டர் மேலே ஏறிய இடமாகப் பாருங்கள். குளிர்காற்று கீழே இறங்கிவிடும், மேலே பெய்த மழையில் ஓடை திடீரென்று பெருகினாலும் கூடாரம் தப்பிக்கும், கழிவும் தண்ணீரில் கலக்காது. அங்கே எந்த இடத்திலும் ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள். தலை தாழ்ந்திருந்தால் நின்று பார்க்கும்போது தெரியாது, படுத்தால் தெரிந்துவிடும்.

உச்சியில் எனக்குக் கவலை, கூடாரக் கயிற்றைக் கட்ட மண்ணில் அடிக்கும் முளைகள். மண் பல இடங்களில் ஒரு சாண்கூட இருக்காது, முளை பாதி இறங்கியதும் பாறையில் முட்டும். அப்போது கயிற்றை முளையின் நடுவில் கட்டி, முளையைத் தரையில் படுக்கவைத்து, அதன் முன் கனமான கல்லை வைத்துத் தடுக்க வேண்டும். புதியவர்கள் கயிற்றை நேராகக் கல்லில் சுற்றுவார்கள். காற்றில் ஆடி ஆடிக் கல்லின் விளிம்பு கயிற்றை அறுத்துவிடும். மண் நன்றாக இருக்கும் இடத்தில் முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கட்டும், கயிறு செங்கோணத்தில் இழுக்கும். கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். 12 பேருக்கு ஆறு கூடாரம், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஆறு முளை. பலத்த காற்றில், இருட்டுவதற்குள் நான்கு பேர் மட்டும் இதையெல்லாம் சரிபார்க்க முடியுமா?

ஆறு கூடாரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: ‘3 பேர்’ என்று எழுதியிருப்பதில் பைகளோடு இரண்டு பேர்தான் படுக்க முடியும். வாடகைக்கு எடுத்தால் கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். முளையும் கயிறும் குறைவது சாதாரணம்.

முகட்டுவழி:
காற்றும் இடியும் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் போகவே வேண்டாம். நல்ல வானிலைக்குத்தான் நான் உச்சியைச் சொல்கிறேன்.

ஓடைப்பக்கம்:
அறிக்கை ஒரு வட்டாரத்துக்கு வருகிறது, மேகம் ஒரு சரிவில் திரள்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைந்தால் மின்னல் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது, முகட்டை விட்டு இறங்கியாக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்பப் போகக் கூடாது. கூடாரத் துணியும் கம்பியும் மின்னலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தராது. ஆறு கூடாரத்தையும் விரித்து, பாதிப் பேர் செருப்போடு உட்கார்ந்திருக்கும்போது, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு இறங்க யாருக்கும் மனம் வராது. ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்பார்கள். என் பயமே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அலுவலகக் குழு என்பதையும் மறக்காதீர்கள். மேலாளர் பக்கத்தில் நடக்கும்போது ‘எனக்கு முடியவில்லை’ என்று யாரும் வாய்திறக்க மாட்டார்கள். முழங்கால் வலியை மறைப்பார்கள், தண்ணீரைக்கூடக் குறைத்துக் குடிப்பார்கள். சமதளத்தில் தங்கினால் உச்சிக்குப் போவது அவரவர் விருப்பமாகிவிடும். முடியாதவர் தூங்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உச்சியில் தங்கினால் 12 பேருக்கும் அது கட்டாயம்.

முகட்டுவழி:
கடைசியாகச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், கனமான வாதம். ஆனால் இருட்டில் ஏற்றுவதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. போயே தீர வேண்டும் என்றால் சில கட்டாயங்கள்: சனி மாலை, இடி இல்லையென்றால், பழகிய இருவர் அந்தப் பாதையின் முதல் 1 கி.மீ.யைப் பகலில் நடந்து பார்த்து வரட்டும். கையில் இன்னொரு டார்ச் வைத்து இடுப்பளவிலிருந்து அடியுங்கள், கல்லின் நிழல் அப்போது தெரியும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னால் போகிறவரை யாரும் முந்தவோ, கடைசி ஆளுக்குப் பின்தங்கவோ கூடாது. திரும்பும் நேரத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். 6:30 என்றால் 6:30, உச்சி 100 மீட்டரில் இருந்தாலும் சரி.

முளைக்கயிறு:
அந்த முடிவை எடுப்பவர் பதவியில் பெரியவராக இல்லாமல், மலையில் பழகியவராக இருக்கட்டும். அடிவாரத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: குளிருக்குப் பயந்து யாரும் கூடாரத்துக்குள் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குபவரை எழுப்பாது.

புதுவழி:
பழகிய நான்கு பேர் மட்டும் உச்சியில் தங்கி, மற்ற எட்டுப் பேர் சமதளத்தில் தங்கினால்?

ஓடைப்பக்கம்:
வேண்டாம். இரவில் ஒருவருக்கு வாந்தியோ நடுக்கமோ வந்தால், என்ன செய்வது என்று தெரிந்த நால்வரும் 350 மீட்டர் மேலே இருப்பார்கள்.

முகட்டுவழி:
இதில் நானும் உங்கள் பக்கம். பிரிவதாக இருந்தால் காலையில் பிரியுங்கள்: இருவர் ஏறுபவர்களோடு, இருவர் கீழே. ஏறுபவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதைக் கீழே இருப்பவர்கள் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இரு பக்கமும் விசில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள், மூன்று தடவை ஊதினால் கேட்டுவிட்டோம் என்று பதில்.