ஓப்பன்பாக்ஸில் துனார்: பென் டிரைவ் திறக்கிறது, டி டிரைவ் மட்டும் "அனுமதி இல்லை" என்கிறது

கேட்டவர்:

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பழைய லேப்டாப், 2 ஜிபி ராம்தான். விண்டோஸ் 10 அதில் திணறியதால், அதை அழிக்காமல் பக்கத்திலேயே டெபியன் 12 லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். முழு டெஸ்க்டாப் எதுவும் இல்லை. ஜன்னல்களை நிர்வகிக்க ஓப்பன்பாக்ஸ், டின்ட்2 பேனல், ஃபைல் மேனேஜராகத் துனார், அவ்வளவுதான். இடம் மிச்சமாகட்டும் என்று, பரிந்துரைக்கப்படும் கூடுதல் பேக்கேஜ்களை எல்லாம் விட்டுவிட்டு நிறுவினேன். டெர்மினலில் லாகின் செய்து ஸ்டார்ட்எக்ஸ் அடித்துத்தான் உள்ளே போகிறோம்.

முதலில் பென் டிரைவ் செருகினால் துனாரில் எதுவுமே வரவில்லை. டிரைவ்களைத் திறக்க உதவும் ஜிவிஎஃப்எஸ், யூடிஸ்க்ஸ்2 இரண்டையும் போட்ட பிறகு அது சரியாகிவிட்டது. ஆனால் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸின் டி டிரைவைக் கிளிக் செய்தால், இந்தச் செயலுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. பாஸ்வேர்டு கூடக் கேட்பதில்லை. அக்கா கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அப்பா தினமும் கேட்கிறார். பாஸ்வேர்டு பெட்டியைக் காட்ட எல்எக்ஸ்போல்கிட் என்ற நிரல் வேண்டும் என்று படித்து, அதை நிறுவி, ஓப்பன்பாக்ஸ் தொடங்கும்போது ஓட வேண்டியவற்றை எழுதும் ஆட்டோஸ்டார்ட் ஃபைலிலும் எழுதிவிட்டேன். ரீபூட் செய்தும் அதே நிலைதான். படங்களின் சிறு உருவமும் தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி ஐகான்.

பதில் 1:

சுடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, துனாரைத் திறந்து பாருங்கள். எனக்கு எல்லா டிரைவும் அப்படித்தான் திறக்கிறது.

பதில் 2:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படித் திறந்த ஜன்னலில் உருவாக்கும் ஃபைல், ஃபோல்டர் எல்லாம் ரூட் (நிர்வாகி) பெயரில் போய்விடும். சில சமயம் துனாரின் செட்டிங்ஸ் ஃபைலே ரூட் கைக்குப் போய், மறுநாள் சாதாரணமாகத் திறக்கும்போது வேறு வம்பு வரும். அப்பா பயன்படுத்தும் கணினியில் ரூட் ஜன்னல் ஒன்று திறந்து கிடப்பதும் நல்லதல்ல.

துனார் மேல் தவறு இல்லை. அது தானாக எதையும் மவுன்ட் செய்வதில்லை, அதாவது டிரைவை இணைத்துத் திறப்பதில்லை. அது ஜிவிஎஃப்எஸ் வழியாக யூடிஸ்க்ஸிடம் கேட்கிறது, யூடிஸ்க்ஸ், யாருக்கு எதற்கு அனுமதி என்று முடிவு செய்யும் போல்கிட்டிடம் கேட்கிறது. கழற்றி மாட்டும் பென் டிரைவ் என்றால், கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாஸ்வேர்டு இல்லாமலே அனுமதி உண்டு. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பகுதி என்றால் நிர்வாகியின் பாஸ்வேர்டு வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு பெட்டியைத் திரையில் காட்ட ஒரு ஏஜென்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற முழு டெஸ்க்டாப் அதைத் தானே தொடங்கிவிடும், வெறும் ஓப்பன்பாக்ஸில் நாம்தான் தொடங்க வேண்டும். ஏஜென்ட் இல்லையென்றால் கேட்க ஆளில்லாமல் நேராக "அனுமதி இல்லை" வந்துவிடும்.

நீங்கள் எல்எக்ஸ்போல்கிட் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது ஓடுகிறதா? இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, ஓடும் நிரல்களின் பட்டியலில் அது இருக்கிறதா. இரண்டு, ஸ்டார்ட்எக்ஸ் அடித்ததும் படிக்கப்படும் உங்கள் எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது.

கேட்டவர்:

பட்டியலில் இல்லை! டெர்மினலில் கையால் எல்எக்ஸ்போல்கிட் ஓட்டினேன், அப்புறம் டி டிரைவைக் கிளிக் செய்தால் பாஸ்வேர்டு பெட்டி வந்தது, திறந்தும் விட்டது. எக்ஸ்இனிட்ஆர்சியில் இருப்பது இந்த இரண்டு வரிதான்:

டின்ட்2 &
எக்செக் ஓப்பன்பாக்ஸ்

பதில் 2:

அந்த இரண்டாவது வரிதான் காரணம். வெறும் "ஓப்பன்பாக்ஸ்" என்று தொடங்கினால் அது ஆட்டோஸ்டார்ட் ஃபைலைத் தொடவே தொடாது. "ஓப்பன்பாக்ஸ்-செஷன்" என்று தொடங்கினால்தான் அதைப் படிக்கும். டின்ட்2 வேறு வழியில் வந்துகொண்டிருந்ததால் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. நானும் இதே இடத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

இன்னொன்று. டெபியனில் எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைலை நீங்களே வைத்தால், டி-பஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) முதலியவற்றுக்கான அதன் வழக்கமான தொடக்க ஸ்கிரிப்ட்கள் ஓடாமல் போகும். அந்த ஃபைலை நீக்கிவிட்டு, ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்செஷன் என்ற ஃபைலை, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியுடன், உருவாக்குங்கள். அதில் "எக்செக் ஓப்பன்பாக்ஸ்-செஷன்" என்ற ஒரே வரி போதும். மற்றதெல்லாம் ஆட்டோஸ்டார்ட்டில்:

டின்ட்2 &
எல்எக்ஸ்போல்கிட் &
துனார் --டீமன் &

வரிக் கடைசியில் அந்த & குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் அந்த நிரல் முடியும்வரை அடுத்த வரிக்குப் போகாது. துனார் டீமனாக, அதாவது பின்னணியில், ஓடினால், துனார்-வோல்மேன் பேக்கேஜையும் போட்டு துனாரின் செட்டிங்ஸில் இயக்கிவிட்டால், பென் டிரைவ் செருகியதும் தானாகவே மவுன்ட் ஆகும். சிறு உருவப் படங்களுக்கு டம்ளர் என்ற பேக்கேஜ் வேண்டும். நீங்கள் விட்டுவிட்ட பரிந்துரைப் பட்டியலில் இவை எல்லாமே இருந்தன.

இதையும் சொல்லிவிடுகிறேன்: ஜிவிஎஃப்எஸ் போடுவதற்கு முன் துனாரில் எதையாவது அழித்திருந்தால், அது குப்பைத்தொட்டிக்குப் போயிருக்காது, நிரந்தரமாகவே போயிருக்கும். குப்பைத்தொட்டியைத் தருவதும் ஜிவிஎஃப்எஸ்தான்.

பதில் 1:

சுடோ யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். என் ஹோம் ஃபோல்டரில் இப்போது பார்த்தேன், ரூட் பெயரில் நாலைந்து ஃபைல்கள் கிடக்கின்றன. மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டவர்:

செய்துவிட்டேன், ரீபூட் ஆனதும் எல்லாம் வருகிறது. படங்களும் சிறு உருவமாகத் தெரிகின்றன. ஆனால் டி டிரைவில் புதிதாக எதையும் எழுத முடியவில்லை. படிக்க மட்டும்தான் முடியும் என்கிறது. மறுபடியும் அனுமதிப் பிரச்சினையா?

பதில் 3:

இல்லை, இது விண்டோஸ் விட்டுப்போனது. விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி உறங்குகிறது. டிரைவ் அப்படி முடிக்கப்படாமல் இருப்பதைப் பார்த்தால் லினக்ஸில் விண்டோஸ் டிரைவைத் திறக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி பாதுகாப்புக்காகப் படிக்க மட்டும் திறக்கும். வலுக்கட்டாயமாக எழுத வைக்காதீர்கள், கல்யாணப் படங்கள் இருக்கும் இடம். ஒருமுறை விண்டோஸுக்குள் போய், பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள்.

அப்பா ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிக்க வேண்டாம் என்றால், டி டிரைவை அதன் யூயூஐடியோடு (தனி அடையாளக் குறி), மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதிவிடுங்கள், பூட் ஆகும்போதே மவுன்ட் ஆகிவிடும். "நோஃபெயில்" என்ற ஆப்ஷனைக் கட்டாயம் சேருங்கள். அது இல்லாமல் அந்த டிரைவ் ஒருநாள் கிடைக்காமல் போனால், 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்தும். அப்பா தனியாக இருக்கும்போது அந்தத் திரை வரக்கூடாது.

கேட்டவர்:

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்ததும் எழுத முடிகிறது. எஃப்எஸ்டேப்பிலும் நோஃபெயிலோடு சேர்த்து, மூன்று முறை ரீபூட் செய்து பார்த்துவிட்டேன். மூவருக்கும் ரொம்ப நன்றி. முதல் வேலையாகக் கல்யாணப் படங்கள் அத்தனையையும் ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுத்து வைத்தாயிற்று. அப்பா இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து, யார் யார் வந்திருந்தார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.